மஞ்சள் வண்டியின் ஓசை

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு அதிலே நடித்த மனிதரை மறந்து, அதிலே ஓடிய வண்டியை நெஞ்சில் சுமந்து திரிவது அறிவுடையோர் செயலன்று என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். எனக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது. ஆயினும் மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய ஃபோர்டு காரை எங்கேனும் படத்தில் கண்டால்கூட, கையிலுள்ள வேலை நின்றுவிடுகிறது.

1975-ஆம் ஆண்டு மேற்படிப்புக்காகத் தூத்துக்குடியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தேன். மூன்றாண்டுகள் கழித்து, 1978-இல், பல்கலைக்கழக நகரின் திரையரங்கொன்றில் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ என்ற படத்தை மறுபடியும் திரையிட்டார்கள். அது முதலில் வெளிவந்தது 1973-இல். ஆராய்ச்சிக்கூடத்துத் தோழர்கள் வற்புறுத்தி அழைத்துச் சென்றனர். ஊர் நினைவில் உறக்கம் கெட்டிருந்த காலம் அது. ஆங்கிலப் பேச்சு பாதிதான் விளங்கிற்று. ஆனால் அந்த வண்டி பேசியது முழுவதும் விளங்கியது.

படத்தின் கதை ஒரே இரவில் நடப்பது. 1962-ஆம் ஆண்டுக் கோடை முடிகிற இரவு. கலிபோர்னியாவின் நடுச் சமவெளியிலுள்ள மொடெஸ்டோ என்னும் ஊர். மறுநாள் காலையில் இரு இளைஞர்கள் கல்லூரிப் படிப்புக்காகக் கிழக்கே போக வேண்டும். இடைப்பட்ட அந்த இரவு முழுதும் ஊரின் இளைஞர்கள் எல்லாரும் கார்களில் ஏறி அதே தெருக்களை மீண்டும் மீண்டும் சுற்றுகிறார்கள். வானொலியில் வுல்ஃப்மேன் ஜாக் என்பவரின் கரகரத்த குரல். எல்லா வண்டியிலும் அதே பாட்டு. எங்கே போகிறார்கள் என்று என் அருகிலிருந்த வங்காள நண்பர் கேட்டார். எனக்கோ அந்தக் கேள்வியே எழவில்லை. எங்கள் ஊரில் திருவிழாச் சப்பரம் தெருவைச் சுற்றி வரும்போது அது எங்கே போகிறது என்று யாராவது கேட்பார்களா? சுற்றுவதற்காகவே சுற்றுவது அது. எல்லாரும் எல்லாரையும் காண்பதற்காக.

அந்தப் பவனியில் முதலிடம் ஜான் மில்னர் என்பவனுடைய மஞ்சள் வண்டிக்கு. பால் லெ மாட் என்ற நடிகர் அவனாக நடித்தார். மில்னருக்கு வயது இருபத்திரண்டு. உடன் சுற்றியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்; அவன் மட்டும் பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் அதே தெருவில் சுற்றிக்கொண்டிருக்கிறான். அந்தச் சமவெளியிலேயே வேகமான வண்டி அவனுடையது. அவனைத் தோற்கடிக்க வேண்டுமென்று வெளியூரிலிருந்து ஆட்கள் தேடி வருகிறார்கள். அவனுக்கு உலகில் இருப்பது அந்த வண்டி ஒன்றே.

வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் என் பித்து உங்களுக்கு விளங்காது.

1932-ஆம் ஆண்டில், அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தபோது, முதுமையை எட்டிய ஹென்றி ஃபோர்டு ஒரு துணிகரமான காரியம் செய்தார். எட்டு சிலிண்டர் எஞ்சின் என்பது அதுவரை செல்வர்களின் கார்களுக்கே உரியதாயிருந்தது. ‘வி’ எழுத்துப்போல் இரு வரிசையாக நிற்கும் அந்த எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக இரும்பில் வார்த்தெடுத்து, விலையைக் குறைத்து, ஐந்நூறு டாலர் அளவிலான காரில் பொருத்தி விற்பனைக்கு விட்டார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது சிறிய எண்தான். அன்றோ ஒரு தச்சனும் ஒரு பால்காரனும் செல்வந்தனின் வேகத்தில் போகலாம் என்றாயிற்று. வண்டியின் முகத் தோற்றத்தையும் உடலின் வளைவுகளையும் கண்காணித்தவர் அவருடைய மகன் எட்செல் ஃபோர்டு. தந்தைக்கு எஞ்சின் மட்டுமே கண்ணில் பட்டது. மகனுக்கு அழகும் பட்டது. அந்த முகப்புக் கம்பி வலையை அந்த ஓராண்டுக்கு மட்டுமே செய்தார்கள். மறு ஆண்டே மாற்றிவிட்டார்கள். ஆண்டின் கடைசி எண் இரண்டு என்பதால் ‘டியூஸ்’ என்று செல்லப்பெயர் வந்தது. சீட்டாட்டத்தில் இரண்டாம் எண் சீட்டுக்கு அங்கே அதுதான் பெயர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள், போர்க்களத்தில் எஞ்சின் பழுது பார்க்கக் கற்றிருந்தார்கள். கையிலோ பணம் குறைவு. பழைய ஃபோர்டுகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கி, தேவையற்ற தகடுகளைக் கழற்றி எறிந்து, பாரத்தைக் குறைத்து, வலிய எஞ்சினை ஏற்றி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். போருக்கு முன்பே தொடங்கியிருந்த அந்தப் பழக்கம் போருக்குப்பின் காட்டுத் தீயாயிற்று. ‘ஹாட் ராட்’ என்று பெயர் பெற்ற அத்தகைய வண்டிகளுக்கென்றே 1948-இல் ஒரு மாத இதழும் தோன்றியது. தொழிற்சாலை கட்டி முடித்து அனுப்பிய ஒன்றை முடியாததாகக் கருதி, தன் கையால் மீண்டும் செய்வது! எழுதிய கட்டுரையைப் பத்தாண்டுகள் கழித்தும் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு அதில் ஓர் உறவு தோன்றுகிறது.

படத்தில் வருவது ஐந்து சன்னல் கொண்ட கூபே வகை: கதவுகளில் இரண்டு, கதவுகளுக்குப் பின்னே இரண்டு, முதுகில் ஒன்று. கூரையைத் தாங்கும் தூண்களைச் சில அங்குலம் அறுத்து நீக்கி, கூரையைத் தாழ்த்தி மீண்டும் ஒட்டியிருக்கிறார்கள். அதனால் அந்த வண்டி புருவத்தைச் சுருக்கிப் பார்ப்பதுபோல் இருக்கும். எஞ்சினை மூடும் தகடு இல்லை. குடலை வெளியே காட்டிக்கொண்டு ஓடுகிறது. முன் சக்கரங்களுக்கு மேல் மோட்டார் சைக்கிளுக்கு உரியவை போன்ற சிறு மட்கார்டுகள். ஃபோர்டு உடலுக்குள்ளே போட்டி நிறுவனமான செவர்லேயின் வி-8 எஞ்சின்; அதன் தலைமேல் வரிசையாக நான்கு கார்புரேட்டர்கள். பின்னால் எண் பலகையில் டி.எச்.எக்ஸ் 138. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1971-இல் எடுத்துத் தோல்வி கண்ட தம் முதற்படத்தின் பெயரை அதிலே ஒளித்து வைத்திருக்கிறார். தோற்ற பிள்ளையின் பெயரை வென்ற பிள்ளையின் முதுகில் எழுதிவைத்த அந்தத் தந்தைமையை நான் மதிக்கிறேன்.

லூகாஸ் மொடெஸ்டோவில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கார்ப் பந்தயமே தம் வாழ்க்கை என்று நம்பியிருந்தவர். 1962-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், பள்ளிப் பட்டமளிப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, அவருடைய சிறிய இத்தாலியக் காரை வேறொரு கார் மோதியது. வண்டி உருண்டது, இருக்கைப் பட்டை அறுந்து அவர் வெளியே எறியப்பட்டார், வண்டியோ மரத்தில் மோதி நசுங்கியது. பட்டை அறாதிருந்தால் அவர் இல்லை. உயிர் பிழைத்து எழுந்தவர் பந்தய ஆசையை விட்டுவிட்டார். படத்தின் இரவும் அதே 1962-இன் கோடையிலேயே அமைந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மஞ்சள் வண்டியை ஓட்டுகிற மில்னர், லூகாஸ் ஆகியிருக்கக்கூடிய, ஆகாமற்போன மனிதன் என்றே நான் கருதுகிறேன்.

படம் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டுக் கோடையில், பெரும்பாலும் இரவுகளில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள பெட்டலூமா என்னும் ஊரிலே படமாக்கினார்கள். மொடெஸ்டோ அதற்குள் மாறிப்போயிருந்தது. செலவு எட்டு லட்சம் டாலருக்கும் குறைவு. வசூல் பத்துக் கோடி டாலரைக் கடந்தது. ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா தயாரிப்பாளர். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். அன்று பெயர் அறியப்படாத ஹாரிசன் ஃபோர்டு, மில்னரைச் சவாலுக்கு இழுக்கும் வெளியூர்க்காரனாக, கருப்பு 1955 செவர்லே காரில் வருகிறார்.

ஆனால் 1978-இல் என்னை அசைத்தவை இவையல்ல. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தி விளையாட்டாக மில்னரின் வண்டியில் ஏற்றிவிடப்படுகிறாள். ஊரார் பார்வையில் படாமல் அவளை எப்படி இறக்கிவிடுவது என்று அவன் தவிக்கிறான். எண் பலகை விளக்கு எரியவில்லை என்று காவலர் வேறு மடக்குகிறார். இவ்வளவு நகைப்புக்கும் நடுவே, நசுங்கிய கார்களைக் குவித்திருக்கும் ஓர் இடத்துக்கு அவளை அழைத்துச் செல்கிறான். எந்த வண்டியில் யார் இறந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறான். கல்லறைத் திருநாளன்று பாட்டி எங்களைக் கல்லறைத் தோட்டத்தில் நடத்திச் சென்று, இது இன்னார், இது இன்னார் என்று சொன்னதை அந்த இருட்டறையில் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு முன்பெல்லாம் இந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர இரண்டு மணி நேரமும் ஒரு தொட்டி பெட்ரோலும் ஆகும். இப்போது எல்லாம் சுருங்கிவிட்டது என்று மில்னர் அலுத்துக்கொள்கிறான். 1959-இல் விமான விபத்தில் பாடகர் பட்டி ஹாலி இறந்ததிலிருந்தே பாட்டும் கெட்டுவிட்டதாம்! 1973-இல் படம் பார்த்தவர்கள் 1962-க்காக ஏங்கினார்கள். 1962-இல் இருப்பவனோ 1957-க்காக ஏங்குகிறான். பொற்காலம் என்பது எப்போதும் ஒரு தெரு தள்ளித்தான் இருக்கும் போலும்.

விடியற்காலையில் ஊருக்கு வெளியே, பாரடைஸ் சாலையில் பந்தயம். கருப்பு வண்டி நிலை தடுமாறிக் கவிழ்ந்து தீப்பற்றுகிறது. மில்னர் வென்றதாக எல்லாரும் கொள்கிறார்கள். அவன் மட்டும், தான் தோற்றுக்கொண்டிருந்ததைத் தன் நண்பனிடம் ஒப்புக்கொள்கிறான். கண்ணாடியணிந்த அந்தச் சிறு நண்பன் அதை ஏற்க மறுத்து, நீதான் என்றும் முதல்வன் என்று பிடிவாதமாகச் சொல்கிறான். சரி, அப்படியே ஆகட்டும் என்று மில்னரும் விட்டுவிடுகிறான். அடுத்த காட்சியில் ஒருவன் விமானமேறிப் போகிறான். படம் முடிந்து திரையில் சில வரிகள் தோன்றுகின்றன: 1964 டிசம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் மில்னர் கொல்லப்பட்டான், அந்தச் சிறு நண்பன் 1965 டிசம்பரில் வியட்நாம் போர்க்களத்தில் காணாமற்போனான். பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரியும் இல்லை. பிற்காலத்தில் என் மனைவி இதைச் சுட்டிக் கேட்டபோது எனக்கு விடை கிடைக்கவில்லை. அமெரிக்கத் திறனாய்வாளர் சிலரும் அதையே கேட்டிருக்கிறார்கள்.

அன்றிரவு விடுதிக்கு நடந்து திரும்புகையில் நான் நினைத்தது என் அண்ணனை.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; லாரிப் பட்டறையில் மெக்கானிக். அவரிடம் மைசூரில் செய்த ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்றிருந்தது. உதைத்துக் கிளப்பும் கோலே கியர் கோலாகவும் மாறும் விந்தையான வண்டி. அதன் கார்புரேட்டரை ஞாயிற்றுக்கிழமை தோறும் பிரித்துப்போட்டுப் பூட்டுவார். திருச்செந்தூர்ச் சாலையில், உப்பளங்களுக்கு நடுவே, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் போகும் வேகத்தை முந்த அந்நாளில் ஒருவரும் இல்லை. அல்லது, இல்லை என்று நான் நம்பினேன். 1975-இல் என் பயணச் செலவுக்குப் பணம் குறைந்தது. புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் வண்டி வீட்டில் இல்லை. பட்டறையில் நிற்கிறது என்றார் அம்மா. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் விடை கிடைத்துவிடும் என்று தெரிந்தே கேட்கவில்லை.

மஞ்சள் வண்டியின் பிற்காலக் கதையும் எனக்கு இதனால்தான் உறுத்தலாயிற்று. படத்துக்காக ஏறத்தாழ 1300 டாலருக்கு வாங்கப்பட்ட அது, படப்பிடிப்பு முடிந்ததும் 1500 டாலருக்கு விற்பனைக்கு வைக்கப்பட்டது. வாங்க ஒருவரும் முன்வரவில்லை. படம் வெற்றி பெற்ற பின்னும் அது யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் பொருளாக வெயிலில் நின்றது. 1979-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மீண்டும் ஓடியது. அதன்பின் ஏலத்தில் கான்சாஸ் மாநிலத்து ரசிகர் ஒருவரிடம் போய், அவரிடமிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த வேறொருவரிடம் வந்தது. சிறு வயதில் அந்தப் படத்தைப் பார்த்து மயங்கியவர் அவர். இன்று அதற்கு விலை சொல்ல எவராலும் இயலாது. 1500 டாலர் பெறாது என்று கைவிடப்பட்ட அதே இரும்பு!

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில், பெட்டலூமாவில் அந்தப் படத்தின் நினைவாகப் பழைய கார்களின் அணிவகுப்பு நடந்தபோது மகளுடன் சென்றேன். தெருவோரமெங்கும் மடக்கு நாற்காலிகளில் என் வயதொத்தவர்கள். தலை நரைத்தவர்கள் பதினெட்டு வயதில் வாங்க இயலாத வண்டிகளை எழுபதில் வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு மஞ்சள் கூபே நின்றது. அசல் அன்று; அதைப் பார்த்து அச்சாகச் செய்த நகல். இத்தகைய நகல்கள் அமெரிக்காவில் பல உண்டு. கூட்டம் அதையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தது. திருப்பண்டமா, திருப்பண்டத்தின் சாயலா என்று தொடுகிற விரல் கேட்பதில்லை.

(இடையே ஒரு செய்தி. இளைஞர்கள் இப்படித் தெருவைச் சுற்றுவதைக் கலிபோர்னியாவின் பல நகரங்கள் பின்னாளில் தடைசெய்தன. கூச்சல், நெரிசல், அடிதடி என்று காரணங்கள் இருந்தன, எல்லாம் பொய்யுமல்ல. 2023-இல் மாநில அரசு இயற்றிய சட்டம், 2024 தொடக்கத்திலிருந்து அந்த அதிகாரத்தை நகரங்களிடமிருந்து எடுத்துவிட்டது.)

அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று மகள் கைபேசியை உயர்த்தினாள். அப்புறம் தாழ்த்திக்கொண்டாள். கண் அழுத்த நோயால் அண்ணனுக்குப் பார்வை போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் வண்டிக்காரரிடம் சென்று, ஓசையை மட்டும் பதிவு செய்துகொள்ளலாமா, ஊரில் என் அண்ணன் மெக்கானிக், கண் தெரியாது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கைபேசியை எஞ்சினருகே நீட்டிக்கொண்டு நின்றேன். தரை அதிர்வது செருப்பு வழியே காலுக்கு ஏறியது. அவர் மெதுவாக முடுக்கி, விட்டு, மறுபடி முடுக்கி, ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடவிட்டார்.

அன்றிரவு தூத்துக்குடிக்கு அழைத்தேன். அங்கே காலை. அண்ணி பதிவை அவர் காதருகே வைத்திருப்பதாகச் சொன்னார். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியைத் தாங்காமலோ என்னவோ, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன்.

“அண்ணே, அந்த ஜாவாவ யாருக்கு வித்தீங்க?”

“உப்பளத்துக் கணக்கப்பிள்ளைக்கு” என்றார், நேற்று நடந்ததுபோல. “பத்து வருசம் நம்ம தெருவுலதான் ஓடுச்சு. பழுதுன்னா நம்ம பட்டறைக்குத்தான் கொண்டு வருவாரு.”

“கூலி வாங்கினீங்களா?”

“வாங்காம? வண்டி அவரு வண்டில்லா.”

நான் அடுத்துச் சொல்ல வேண்டிய சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் மறுபடியும் பதிவை ஓடவிடச் சொல்லியிருக்க வேண்டும். தொலைவில் அந்த மஞ்சள் வண்டியின் உறுமல் எங்கள் பழைய வீட்டுக்குள் எழுவது கேட்டது. முடியும்வரை கேட்டார்.

“தம்பி, நாலு கார்புரேட்டர்னு சொன்னேல்லா?”

“ஆமாண்ணே.”

“மூணுதான் ஒழுங்கா வேலை செய்யுது. ஒண்ணு மத்ததோட சேரல. அந்த ஆள்ட்ட போய்ச் சொல்லு.”